வறண்ட காற்றின் மேல் பழிபோடுவதற்கு முன்

ஆஸ்துமாக்காரர்களுக்கும் காசநோயாளிகளுக்கும் ஒரு காலத்தில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தே அரிசோனாதான். ஈரமில்லாத காற்று, ஆண்டு முழுவதும் வெயில். ஃபீனிக்ஸ் நகரின் வடக்கே சன்னிஸ்லோப் பகுதியில் கூடாரம் போட்டும் குடிசை கட்டியும் நெஞ்சு நோயாளிகள் குடியேறினார்கள். பின்னால் வந்தவர்கள் சொந்த ஊர் நினைப்பில் புல்தரை போட்டார்கள். நிழலுக்கு மல்பெரி, அழகுக்கு ஆலிவ் என்று வைத்தார்கள். எதற்குத் தப்பி வந்தார்களோ அதையே வாசலில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். டூசன் நகரம் அடங்கிய பீமா கவுண்டியில் மகரந்தம் கொட்டும் மல்பெரி, ஆலிவ் மரங்களை விற்கவே 1980களில் தடை போட வேண்டியதாயிற்று.

சென்னையில் மார்கழி பிறந்தாலே மூச்சிளைக்கும் என் மகனை அழைத்துக்கொண்டு நாங்கள் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லருக்குக் குடிவந்தபோது, "வறண்ட ஊர், பிள்ளைக்கு நல்லது" என்று சொல்லாத உறவினர் இல்லை. அவர்கள் சொன்னது முதல் ஆண்டு பலிக்கவும் செய்தது. இரவில் இழுப்பு இல்லை, நெபுலைசர் பரணுக்குப் போனது. பிறகு ஒரு மார்ச் மாதம் தும்மல், கண் அரிப்பு, அதைத் தொடர்ந்து விடியற்காலை இருமல். புதிய ஊரின் மகரந்தத்தை உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்கச் சில பருவங்கள் ஆகும் என்று அலர்ஜி மருத்துவர் சொன்னார். வந்த புதிதில் நன்றாக இருந்ததை ஊரின் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது.

அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "எப்படி இருமுகிறான்" என்று கேட்கவில்லை. "எந்த மாதம், எந்த நேரம், எந்த அறையில்" என்று கேட்டார். அன்றிலிருந்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. இருமல், தும்மல், இன்ஹேலர் எடுத்தது, அன்று காற்று அடித்ததா, பக்கத்து வீட்டில் புல் வெட்டினார்களா என்று அதில் ஓரிரு சொற்கள். எங்கள் வீட்டில் இதுவரை நடந்த வைத்தியத்தில் பாதி அந்தத் தாளில்தான் நடந்திருக்கிறது.

அதிலிருந்து தெரிந்த முதல் சங்கதி: கண்ணுக்குத் தெரியும் பூ குற்றவாளி அல்ல. ஏப்ரலில் ஊர் முழுக்கப் பாலோ வெர்டே மரம் மஞ்சளாகக் கொட்டும். அரிசோனாவின் மாநில மரம் அது. எல்லாரும் அதைக் காட்டித்தான் மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் அதன் மகரந்தம் பெரும்பாலும் தேனீ சுமந்து போகும் ரகம்; காற்றில் அதிகம் பறக்காது. பூத்திருப்பதே தெரியாமல் காற்றில் அனுப்பும் மரங்களும் புற்களும்தான் நம் மூக்கைத் தேடி வருகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் ஆஷ், மல்பெரி, பிறகு ஆலிவ், நம் வேலிக்காத்தானின் நெருங்கிய சொந்தமான மெஸ்கீட், கோடை முடிவில் ரஷ்ய முட்செடி. குளிர்காலத்தில் ஜூனிப்பர். ஓய்வு மாதம் என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது, ஏனென்றால் பனி விழுந்து எதையும் அடக்கி வைப்பதில்லை.

தோல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே தும்மல் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மறந்து கொடுத்துவிட்டால் பரிசோதனையே வீண். முன்கையில் வரிசையாகக் குத்திய சொட்டுகளில் கால்மணி நேரத்தில் நான்கு தடித்தன: ஆலிவ், ரஷ்ய முட்செடி, ஆல்டர்நேரியா என்ற பூஞ்சை, எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பெர்முடா புல். பெர்முடா புல் வேறொன்றுமில்லை, நம் அறுகம்புல். ஃபீனிக்ஸில் பூங்கா, பள்ளி மைதானம், வீட்டு வாசல் எங்கும் அதுதான் தரைவிரிப்பு. வெப்பம் உள்ள மாதங்கள் முழுவதும் கதிர் விடும். விநாயகர் சதுர்த்திக்கு அறுகு மாலை கட்டும் வேலை அந்த ஆண்டிலிருந்து மகனிடமிருந்து பறிக்கப்பட்டது. மாலையை நான் வெளியில் வைத்தே கட்டி, அலசி, உள்ளே கொண்டுவருகிறேன். பிள்ளையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

புல்தரை வைத்திருப்பவர்களுக்கு: கதிர் நீளும் முன் வெட்டுங்கள், வெட்டும்போது அலர்ஜிக்காரர் வீட்டுக்குள் இருக்கட்டும். அக்டோபரில் பெர்முடாவை ஒட்ட மழித்துவிட்டு, குளிர்காலப் பச்சைக்காக ரை புல் விதைப்பது இங்கு வழக்கம். மழிக்கும் அந்த இரண்டு வாரம் தெருவே புழுதி மண்டலமாகும். எங்கள் நாட்காட்டியில் மூன்று ஆண்டுகளாக மிக மோசமான கட்டங்கள் அங்கேதான். வாசலில் புல்லை எடுத்துவிட்டுச் சரளைக்கல் போட்டோம். தண்ணீர்க் கட்டணமும் குறைந்தது.

பரிசோதனையில் தடிக்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் அவனுக்கு முதல் எதிரி என்று சொல்லப்பட்ட தூசி உண்ணி இங்கு கணக்கிலேயே இல்லை. காற்றில் ஈரம் குறைவான இடத்தில் அந்த உண்ணி பிழைக்காது. மெத்தைக்கு விலை உயர்ந்த உறை வாங்க வேண்டும் என்று கடையில் வற்புறுத்தினால், முதலில் பரிசோதனை முடிவைப் பாருங்கள். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் மொட்டைமாடியில் நீர்க் குளிர்விப்பான் இருந்தது. நம் ஊரில் கோடையில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போமே, அதே தத்துவம்தான். மரநார் பட்டைகள் நனைய, அவற்றின் வழியே மின்விசிறி வெளிக்காற்றை இழுக்கும். மின்செலவு மிகக் குறைவு. ஆனால் வெளியிலுள்ள மகரந்தத்தை நேராக உள்ளே கொண்டுவரும், வீட்டின் ஈரத்தை ஏற்றும், நார்ப் பட்டை ஒரு பருவம் மாற்றாமல் விட்டால் பூஞ்சை வளர்க்கும். பாலைநிலத்தின் நடுவே சென்னையின் காற்றை நாமே தயாரித்துக்கொள்கிறோம். இளைப்புக்காரர் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூக்கில் ரத்தம் வருகிறது என்று பயந்து ஈரப்பதமூட்டியை இரவு முழுக்க ஓடவிடுவதும் இதே கதைதான். பத்து டாலருக்கு ஓர் ஈரமானி கிடைக்கும். முப்பது, நாற்பது சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். ஐம்பதைத் தாண்டினால் பூஞ்சைக்கும் உண்ணிக்கும் வாடகையில்லாத வீடு. மூக்குக்கு உப்புநீர்த் தெளிப்பான் போதும். ஜலநேதி செய்கிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், கொதித்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோதான். குழாய் நீரில் அரிதாக இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறித்திருக்கிறது. ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானைப் பிடிக்கும்போது முனை நடுத்தண்டை நோக்காமல் காதுப் பக்கம் சாயட்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. இந்த வறட்சியில் நடுத்தண்டு சுலபமாக வெடித்து ரத்தம் கசியும். அந்தத் தெளிப்பான் தும்மலுக்குத் தும்மல் அடிப்பதற்கல்ல, மருத்துவர் சொன்னால் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பித்துத் தினமும் அடிப்பதற்கு.

இன்னொன்று, துணி. இங்கே படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும். அந்த ஆசையை அடக்குவது கடினம். காயும்போதே மகரந்தத்தையும் சேர்த்துக்கொண்டு வந்து தலையணையில் வைக்கும். மார்ச், ஏப்ரலில் உலர்த்தும் இயந்திரம்தான். இரவு படுக்கும் முன் தலைக்குக் குளிப்பதும் உதவும். எண்ணெய் தடவிய தலையில் புழுதி கூடுதலாக ஒட்டும் என்பதை என் மாமியாரிடம் மட்டும் நான் சொல்லவில்லை.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. மழை வருவதற்கு முன் புழுதி வரும். இடிமழையிலிருந்து கீழே பாயும் குளிர்காற்று காய்ந்த வயல்களின் மண்ணை வாரி எடுத்துச் சுவராக நிறுத்தும். ஹபூப் என்ற அரபுப் பெயரால்தான் இங்கும் அழைக்கிறார்கள். 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடியது ஏறத்தாழ ஒரு மைல் உயரம். நாங்கள் பார்த்தவை அதைவிடச் சிறியவை. தெற்கே வானம் முதலில் பழுப்பாகும், தெரு விளக்குகள் தாமாக எரியும், வாயில் மண் ருசி தட்டும். அதற்குள் சன்னல் மூடியிருக்க வேண்டும், குளியலறை, சமையலறை வெளியேற்றும் விசிறிகள் நின்றிருக்க வேண்டும். அவை உள்காற்றைத் தள்ளினால் வெளிக்காற்று இடுக்கு வழியே நுழையும். காரில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைச் சாலை என்று நம்பி வந்து இடிப்பான். மறுநாள் காலை துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஈரத்துணிதான். குளிரூட்டியின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்; வெள்ளையாகப் போட்டது செம்பழுப்பாக இருக்கும். வடிகட்டி எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண் மெர்வ்; 8 முதல் 11 வரையிலானது எங்கள் இயந்திரத்துக்கு ஒத்துவருகிறது. 13 நல்லதுதான், ஆனால் பழைய இயந்திரம் மூச்சுத் திணறும். பழுது பார்ப்பவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மழை பெய்த பிறகு ஊர் மணக்கும். கிரியோசோட் புதரின் வாசனை அது, அருமையானது. ஆனால் அந்த ஈரத்தில் ஆல்டர்நேரியா பெருகும். டூசனில் 1980இல் பிறந்த குழந்தைகளிலிருந்து தொடங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, பாலைநிலத்துக் குழந்தைகளின் ஆஸ்துமாவோடு இந்தப் பூஞ்சைக்குள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. மழை இல்லாத நாள்களிலோ ஓசோன். கார்ப் புகை வெயிலில் வெந்து பிற்பகலில் உச்சத்துக்கு வரும். சாதாரண முகமூடி எதுவும் அதைத் தடுக்காது. மகனின் கால்பந்துப் பயிற்சியைக் காலைக்கு மாற்றியதுதான் வழி.

இப்போது இன்ஹேலர். இதில் எனக்குப் பொறுமை குறைவு. "பழகிவிடும்", "மாத்திரையே போதாதா", "பெண் பிள்ளைக்குப் போட்டால் நாளைக்குக் கல்யாணத்துக்கு" என்று பேசுகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மூச்சுக்குழாய்க்கு நேராகப் போகும் மருந்தின் அளவு மைக்ரோகிராம். விழுங்கும் மாத்திரையில் அது மில்லிகிராம். இரண்டு வகை இருக்கின்றன என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இழுப்பு வந்தவுடன் மூச்சுக்குழாயைத் திறப்பது ஒன்று. குழாயின் வீக்கத்தைத் தினசரி குறைத்து, இழுப்பே வராமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதல் வகை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். இங்கே அல்பியூடெரால் என்று எழுதிக் கொடுப்பதும் நம் ஊர் மருந்துக்கடையில் சால்பியூடமால் என்று தருவதும் ஒரே மருந்து. இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் மாற்றி மாற்றி அடித்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும்.

இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே மாட்டும் குழலான ஸ்பேசர் இல்லாமல் குழந்தைக்கு அடிக்காதீர்கள். பாதி மருந்து தொண்டையில் படிந்துவிடும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒருமுறை மட்டும் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். தினசரி ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் வரும். ஸ்பேசரைச் சோப்புநீரில் கழுவி அப்படியே காயவிடுங்கள்; துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின் ஏறி மருந்தைச் சுவரில் ஒட்டவைக்கும். இவற்றோடு இந்த ஊருக்கே உரிய ஒன்று: இன்ஹேலரைக் காரில் விடாதீர்கள். ஜூலையில் மூடிய காரின் உள்ளே வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். 49 டிகிரிக்கு மேல் உருளை வெடிக்கலாம் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளிப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று.

மகனின் இருமலைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று நிமிர்ந்தபோது கணவருக்கு ஆரம்பித்தது. அவர் வார இறுதிகளில் கிரிக்கெட் ஆடுவார். புல்லில்லாத மண் மைதானம். நவம்பரில் காய்ச்சலும் இருமலும் வந்தன, இரவில் சட்டை நனையும் வியர்வை, முழங்கால் வலி, தாடையில் சிவந்த தடிப்புகள். அவசர மருத்துவ நிலையம் ஒன்றில் படம் எடுத்து நிமோனியா என்றார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. இரண்டாவது, அதைவிடக் கடுமையான ஆன்டிபயாடிக். அதுவும் கேட்கவில்லை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொள்ளும் நிலை வந்த பிறகு, எங்கள் குடும்ப மருத்துவர் கேட்டார்: "வேலி ஃபீவருக்கு ரத்தம் பார்த்தார்களா?" யாரும் பார்த்திருக்கவில்லை.

வேலி ஃபீவர், அதாவது பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்குக் காரணமான காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை இந்த மண்ணில் குடியிருக்கிறது. மழையில் வளர்ந்து, வெயிலில் காய்ந்து, நொறுங்கிப் புழுதியோடு எழும். மூச்சில் போய் ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலாக வெளிப்படும். அமெரிக்காவில் பதிவாகும் இந்நோயில் பெரும்பகுதி அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும்தான். தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் போய்விடும். ஆனால் இங்கே மருத்துவமனைக்கு வெளியே தொற்றும் நிமோனியாக்களில் 15 முதல் 30 சதவீதம் வரை இதுதான் என்று மாநிலத்தில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. பாக்டீரியா மருந்து பூஞ்சையை என்ன செய்யும்? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதால் தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. நாய்க்கும் வரும்.

முதல் ரத்தப் பரிசோதனை சில சமயம் இல்லை என்று காட்டும். உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்க நாளாகும். சந்தேகம் இருந்தால் சில வாரங்களில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பலருக்கு மருந்தில்லாமலே ஆறும். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு நோய் முற்றும் ஆபத்து கூடுதல் என்பதால் ஃபுளுகோனசோல் தொடங்கினார்கள். உதடு வெடித்தது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. இருமல் நின்ற பிறகும் அசதி மட்டும் மாதக்கணக்கில் விடவில்லை. அலுவலகத்தில் "இன்னுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய சோர்வாக இருந்தது. இப்போது மறுபடி ஆடுகிறார், புல் மைதானத்தில் மட்டும். தோட்டத்தில் குழி தோண்டினால் முதலில் மண்ணை நனைக்கிறார், என்95 போட்டுக்கொள்கிறார். துணி முகமூடி இதற்கு உதவாது.

அந்தக் குளிர்காலத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்த அத்தைக்கும் இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஏதோ ஊர்வதுபோல் வறட்டு இருமல், படுத்தால் அதிகம். "இந்த ஹீட்டர் காற்றுதாம்மா" என்றார் அத்தை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுச் சன்னல் மூடிய வீட்டில் அவர் போடும் சாம்பிராணிதான் என்றேன் நான். புகை எச்சரிக்கைக் கருவியும் என் பக்கம்தான் அலறியது. மகன் வீட்டில் இருப்பதால் சாம்பிராணி கொல்லைப்புறத்துக்குப் போனது, மிளகாய் வறுப்பதும் மேல்விசிறியைப் போட்ட பிறகுதான் என்றானது. அவனுக்கு அது நல்லதாகவே முடிந்தது. அத்தையின் இருமல் அசையவில்லை. ஹீட்டரை அணைத்துப் போர்வையை ஏற்றினோம், அப்போதும் அசையவில்லை. கடைசியில் அவருடைய மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது ராமிப்ரில் இருந்தது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். தொடங்கிய உடனேயும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். தாமாக நிறுத்தாமல் தஞ்சாவூர் மருத்துவரைக் காணொளியில் பிடித்தோம். அவர் டெல்மிசார்ட்டானுக்கு மாற்றினார். சில வாரங்களில் இருமல் அடங்கியது. ஊரிலேயே தொடங்கியிருந்த இருமலை அத்தை அதுவரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர்களுக்கு எட்டு வாரம், குழந்தைகளுக்கு நான்கு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் கஷாயத்தோடு விடாதீர்கள். பேச்சு முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பூத்தால், வாரம் எண்ணாமல் அவசர உதவி எண் 911.

அத்தை ஊர் திரும்பும்போது அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் தாளில் இரண்டு வரி எழுதி ஒட்டினோம். இங்கு வந்து போகும் பெற்றோர் எல்லாருக்கும் இதைச் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் வேலி ஃபீவர் நுரையீரல் படத்தில் காசநோய் மாதிரியே தெரியும். அரிசோனா போனதைச் சொல்லாவிட்டால் நம் ஊர் மருத்துவர் காசநோய் மருந்தைத்தான் முதலில் நினைப்பார். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அரிசோனாவில் இருந்தார் என்பது முதல் வரி. காய்ச்சலோடு இருமல் வந்தால் காக்சிடியாய்டிஸ் பரிசோதனையையும் கருத்தில் கொள்ளவும் என்பது இரண்டாவது.